கூடத்துப் பெட்டியின் பிடி

நாத்தனாருக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தபோது என் மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சமையல் வீடியோ காலில்தான் நடந்தது. செந்துறையில் எங்கள் அடுப்பில் அத்தை பூண்டுக் குழம்பு வைத்துக் காட்டுவார். அங்கே மாப்பிள்ளை பார்த்துச் செய்வார்.

எங்கள் வீடு நீளமானது. கூடம், மாடி, சமையலறை மூன்றிலும் வைஃபை பெட்டி உண்டு. ஆனாலும் அத்தை கூடத்திலிருந்து பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனால் படம் அப்படியே நின்றுவிடும். தலைக்கு மேலேயே பெட்டி இருந்தும் ஏன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலியை அவர் போனில் ஏற்றினேன். பெட்டிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்தேன். எண் ஏற ஏற சிக்னல் மோசம் என்றும் சொன்னேன். நான் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார, அவர் நடந்துகொண்டே கத்தினார்.

"அம்பது... அறுவத்தஞ்சு... எழுவத்தெட்டு! அடுப்புகிட்ட வந்துட்டேம்மா."

"எந்தப் பெட்டின்னு காட்டுது அத்தை?"

"ஒண்ணு."

ஒன்று, கூடத்துப் பெட்டி. சமையலறையில் நின்றாலும் போன் அதையே பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று பெட்டியும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ஓடுவதைப் பார்த்து, வேறு வேறாக மாற்றினேன். வேகம் கூடியது, பிடி மட்டும் தளரவில்லை. இணையத்தில் தேடியபோதுதான் புரிந்தது: எந்தப் பெட்டி என்று முடிவு செய்வது போன்தான். பழைய பெட்டியின் சிக்னல் ஓரளவு இருக்கும்வரை புதியதைத் தேடாது. கூடத்துப் பெட்டியின் பவரைக் குறைக்க வேண்டும்.

"கொறைச்சா இன்னும் மோசமாயிடாதா?" என்றார் அத்தை.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. பாத்துடுவோம்."

பவரைக் குறைத்ததும் மறுபடி நடந்தார். "எழுவது... எழுவத்தாறு... எம்பத்திரண்டு..." எண் ஏறிக்கொண்டே போனது. எழுந்து போகலாமா என்று நினைத்தேன்.

"நாப்பத்தெட்டு! மூணுன்னு மாறிடுச்சுடி!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அத்தை என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வீடியோ காலில் படம் ஒரு கணம் தடுமாறியது, அவ்வளவுதான். "அம்மா, பூண்டைக் கிட்ட காட்டு," என்றாள் நாத்தனார். பவர் குறைந்ததில் வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் நெட் வரவில்லை என்று என் கணவர் முணுமுணுத்தார்.

அத்தை செயலியை அழிக்க விடவில்லை. சாயங்காலம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க மட்டும் ஏன் தொண்ணூறு காட்டுது, வந்து பாரு."