தலையாட்டிய கமரா

பதுளைக் கடைத்தெருவில் டீவி விற்கத் தொடங்கிய புதிதில், எனக்கு டீவி வேலை தெரியும் என்று இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர் நான் வேலை பார்த்த ரேடியோக் கடையின் முதலாளி. மற்றவன் நான். முதலாளிக்குச் சீக்கிரமே தெளிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது.

அதுவரை என் தொழில், கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவது. "இப்ப தெரியுதா? இப்ப?" என்று மேலிருந்து கத்துவேன். கீழே வீட்டுக்காரர், "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்பார். இந்தப் படிப்போடுதான் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கமரா பூட்டப் போனேன்.

அந்தத் தோட்டத்தை நடத்திய பெரிய தொரை கொழும்புக்குப் போனபோது ஒரு கமராவும், அதை இருந்த இடத்திலிருந்தே திருப்புகிற பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தார். தொழிற்சாலையில் தூள் சலிக்கிற இடத்தில் தூள் குறைகிறது என்பது அவருடைய கவலை. சாமான்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. விளக்கத்தாளும் ஜப்பான் மொழியில்தான் இருந்தது. இது எனக்குத் தெரியாத வேலை என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"படம் தெரியிற சாமானெல்லாம் ஒரே குடும்பம்தான் மகன்," என்றார். "நீ போ. கொஞ்ச நாளைக்காவது கடையில உள்ள சாமான் பொழச்சுப் போகட்டும்."

தொழிற்சாலையைத் தோட்டத்தில் இஸ்டோர் என்பார்கள். அதன் சலிப்பறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூளிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எதிரே, உயரத்தில், உத்தரத்திலிருந்து கமராவைத் தொங்கவிட்டேன். அங்கிருந்து மேட்டில் இருந்த ஆபீசுக்கு, தொரையின் மேசை வரைக்கும் வயர் இழுத்தேன். மேசையில் ஒரு சின்ன டீவி. பக்கத்தில் அந்தத் தகரப் பெட்டி. பெட்டியில் மேல், கீழ், இடம், வலம் என்று அம்புக்குறி போட்ட நாலு சுவிட்ச். எந்தச் சுவிட்சை அமுக்கினாலும் அங்கே கமரா அந்தப் பக்கம் தலையைத் திருப்பும்.

முதல் படத்தில் பெண்கள் எல்லோரும் கூரையில் தலைகீழாக உட்கார்ந்து குச்சி பொறுக்கினார்கள். கமராவைத் தலைகீழாகப் பூட்டியிருந்தேன். மறுபடியும் ஏணியில் ஏறச் சோம்பலாக இருந்ததால் டீவியைத் தலைகீழாக வைத்தேன். பெண்கள் நேரானார்கள். ஆனால் வலம் அமுக்கினால் இடம் போனது, மேல் அமுக்கினால் கீழே போனது. பெட்டியையும் தலைகீழாக வைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. அவ்வளவு விரைவாக ஒரு கோளாறை நான் அதற்கு முன்னும் சரிசெய்ததில்லை, பின்னும் சரிசெய்ததில்லை.

தொரை வந்து பார்த்தார். பெட்டியில் இருந்த எழுத்தை வாசிக்கக் கழுத்தைச் சாய்த்தார். போதவில்லை. இன்னும் சாய்த்தார்.

"இது இப்படித்தான் வெக்கணுமா?"

"ஜப்பான்ல இப்படித்தானுங்க தொரை."

அவர் ஏணி இருந்த திசையில் விரலை நீட்டினார். போய் ஏறினேன்.

பூட்டிய பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. தொரைக்குச் சுவிட்ச் பிடிபடவில்லை. ஆளைப் பார்க்க வேண்டும் என்று அமுக்குவார், கமரா ஆளைத் தாண்டிப்போய் ஜன்னலைப் பார்க்கும். திரும்ப அமுக்குவார், மறுபக்கச் சுவரைப் பார்க்கும். கடைசியில், கொஞ்ச மாதத்துக்கு என்னை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லி முதலாளியைக் கேட்டார். முதலாளி என் உடுப்புப் பெட்டியை அன்றைய பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்.

இஸ்டோர் ஆட்களை எல்லாம் கூட்டி, கமராவைக் காட்டித் தொரை ஒரு பிரசங்கம் செய்தார்.

"இது என் கண்ணு. நான் மேசையில இருந்துக்கிட்டே எல்லாரையும் பார்ப்பேன். இது பாத்தா நான் பாத்த மாதிரி. வெளங்குதா?"

விளங்கியது என்றார்கள்.

முதல் வாரம் தொரை டீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் வாரத்திலும் அதே பெண்கள் அதே குச்சியைப் பொறுக்கியதால் அவருக்குச் சலித்துவிட்டது. அவர் காகிதம் பார்ப்பார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கமராவைத் திருப்புவேன். புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் பண்டாரவளைக்கு, கிளப்பில் சீட்டாடப் போய்விடுவார். அவருடைய ஜீப் இஸ்டோரைச் சுற்றிக்கொண்டு வளைவில் இறங்கும் சத்தம் தோட்டம் முழுவதும் கேட்கும். போகுமுன் எனக்கு ஒரு கட்டளை.

"நான் இல்லாத நேரம் அது சும்மா நின்னா, நான் இல்லன்னு தெரிஞ்சிரும். ஆட்டிக்கிட்டே இரு."

ஆக, இல்லாத ஒருவரை இருப்பதாகக் காட்டுவது என் உத்தியோகம் ஆனது. தெரியாத தொழிலைத் தெரிந்ததாகக் காட்டிப் பழகியிருந்ததால் கஷ்டமாக இல்லை.

கஷ்டம் சலாமில் வந்தது. சலிப்பறைக் கங்காணி என் அப்பா வயதுக்காரர். ஒருநாள் கமரா அவர் பக்கம் திரும்பி நின்றதும், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராகக் கமராவைப் பார்த்துச் சலாம் போட்டார். போட்டவர் கையை இறக்கவில்லை. சலாம் வாங்கியவர் லேசாகத் தலையை அசைக்கும் வரை கை நெற்றியில் இருப்பதுதான் வழக்கம். நானும் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்படி நெற்றியில் காத்திருக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்தவன். கங்காணியின் கை டீவிக்குள் காத்துக்கொண்டே இருந்தது. தொரை ஏதோ காகிதத்தில் இருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழ் சுவிட்சை ஒருதடவை, மேல் சுவிட்சை ஒருதடவை அமுக்கினேன்.

கமரா தலையாட்டியது. கங்காணி கையை இறக்கினார், துண்டைத் தோளில் போட்டார், வேலையைப் பார்த்தார்.

அதன்பிறகு எல்லோரும் சலாம் போட்டார்கள். வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று, தேத்தண்ணி குடிக்க எழும்பினால் ஒன்று. ஒருத்தருக்கும் பாக்கி வைக்காமல் தலையாட்டினேன். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு மரியாதை தெரிந்த தொரை அதற்குமுன் இருந்ததில்லை.

குச்சி பொறுக்கியவர்களில் ஒரு அக்கா இருந்தார். அவரை டீவியில் மட்டுமல்ல, நேரிலும் பார்த்திருந்தேன். மாதா மாதம் ஆபீஸ் வாசலுக்கு வந்து நிற்பார். நான் ஸ்டூலில் இருந்தபோதும் ஒருமுறை வந்தார்.

"தொரை, அந்தக் கடைசிக் காம்பராவ எங்க பயலுக்குத் தாங்க. ஒரே காம்பராவுல ஒம்பது பேரு கெடக்கோம். வெளி இஸ்தோப்புத் திண்ணையில படுக்க மாட்டேன்னு மருமக பசறைக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருச்சு. காம்பரா கெடைச்சாத்தான் வருவேன்னு சொல்லிருச்சுங்க."

"பாக்கலாம்," என்றார் தொரை, காகிதத்திலிருந்து முகத்தை எடுக்காமல்.

"போன மாசமும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க."

"இந்த மாசமும் பாக்கலாம்."

கடைசி லயத்தின் அந்தக் காம்பராவில் இருந்த குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய் நெடுநாளாகியிருந்தது. அதற்குள் தொரை சில உரமூட்டைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். மூட்டைகள் சௌகரியமாக இருந்தன.

ஒரு புதன்கிழமை. ஜீப் வளைவில் இறங்கிப் போனது. நான் கட்டளைப்படி கமராவை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கமராவுக்கு நேரே வந்து நின்று பேசத் தொடங்கினார். அந்தக் கமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மலையின் கீழ்ப்பக்கத்தைக் கை காட்டினார். நெஞ்சில் கை வைத்தார். மற்றப் பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவரையும் கமராவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முடிவில் ஒரு பெரிய சலாம்.

இவ்வளவு நீளமான சலாம் எனக்கு யாரும் போட்டதில்லை. அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, வழக்கத்துக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று, ஆக இரண்டு தடவை தலையாட்டினேன். பெண்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு மனம் குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் கலைந்ததும், ஆபீஸ் வாசலில் அந்த அக்கா. அவருக்குப் பின்னால் குச்சி பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும். பெரிய கிளாக்கர் கையில் ஒரு சாவியோடு உள்ளே வந்து, தொண்டையைச் செருமினார்.

"கடைசிக் காம்பராச் சாவியக் கேக்குறாங்க தொரை. நேத்து நீங்க சரின்னு தலையாட்டிட்டீங்களாம். ஒண்ணுக்கு ரெண்டு தரமாம். எல்லாரும் பாத்தாங்களாம்."

தொரை காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக என் ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"நேத்து நான் தலையாட்டுனேனா?"

"நீங்க இல்லீங்க தொரை. கமரா."

"கமரா யாரு?"

"நீங்கதானுங்க. அது பாத்தா நான் பாத்த மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க."

கிளாக்கருக்கு இருமல் வந்தது.

"அந்தப் பொம்பள என்ன கேட்டுச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கமராவுக்குக் காது இல்லீங்களே."

"காது இல்ல. தலை மட்டும் ஆடும்?"

"சலாம் போட்டாங்க தொரை. சும்மா இருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

பதுளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். கிளாக்கர் இருமலை முடித்துவிட்டு, "நேத்து தொரை இங்க இல்ல, இந்தப் பயதான் ஆட்டிவிட்டான்னு வெளியில சொல்லிரலாங்களா?" என்று கேட்டார்.

தொரையின் சங்கடம் எனக்கே விளங்கியது. அதைச் சொன்னால், நேற்று மட்டுமல்ல, இனி என்றைக்குமே கமராவின் அந்தப் பக்கம் இருப்பது தொரையா, கடைத்தெருப் பையனா என்று சலிப்பறை யோசிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் கொழும்பிலிருந்து வந்த அந்தக் கண்ணும், நான் இரண்டு முறை ஏறிய ஏணியும் வீண். சொல்லாவிட்டால் ஒரு காம்பரா போகும்.

எழும்பி ஜன்னலுக்குப் போனார். வெளியே நின்ற ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்கு நடந்தார்.

"நான் சொன்னா சொன்னதுதான்," என்றார், பெண்களுக்குக் கேட்கும்படி. "கிளாக்கர், சாவியக் குடுங்க. மூட்டைய இன்னைக்கே எடுத்துறணும்."

"நல்லா இருக்கணும் தொரை!" என்று அந்த அக்கா சலாம் போட்டார். தொரையின் கழுத்து அசையவில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"மேல கீழ போற அந்த ரெண்டு வயரையும் கழட்டிட்டு வா."

ஏணியைத் தூக்கிக்கொண்டு சலிப்பறைக்குப் போனேன். அந்த அக்காதான் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் வயரைக் கழற்றுவதைப் பார்த்து வரிசையிலிருந்து ஒருத்தி, "என்னா தம்பி, தொரைக்குக் கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டாள். அறை முழுவதும் சிரிப்பு.

இறங்கி வரும்போது அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா. தொரைன்னு நெனச்சுத்தானே கேட்டீங்க?"

"தொரைன்னு நெனச்சா நான் ஏன் தம்பி கேக்கப் போறேன்? ஜீப்பு வளைவுல எறங்குனதுக்கப்புறந்தான் எந்திரிச்சேன்."

"அப்ப நான்தான்னு தெரியுமா?"

"மொத நாளே தெரியும். தொரை எப்பய்யா நம்மளப் பாத்துத் தலையாட்டிருக்காரு?"

இத்தனை நாளும் ஒரு தோட்டத்தையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமைப்பட்டிருந்தேன். ஏமாறாமல் இருந்தவர்கள் தோட்டத்தார். ஏமாந்திருந்தவர்கள் நானும் தொரையும்.

கமரா அதன்பிறகு இடமும் வலமும் மட்டுமே திரும்பியது. யாராவது ஏதாவது கேட்டால், இல்லை இல்லை என்று சொல்லத்தான் அதற்குத் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. சலாமும் குறைந்துபோனது.

சில நாள் கழித்து, சலிப்பறை வாசலில் ஒரு புது முகம் டீவியில் தெரிந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. அந்த அக்காவிடம் அதைக் கொடுத்தது. அக்கா கமராவைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு நிமிர்ந்து, பசறையிலிருந்து வந்த அந்த மருமகள் கமராவுக்கு ஒரு சலாம் போட்டது. கையை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

என்னிடம் இடமும் வலமும்தான் மிச்சம் இருந்தன. இரண்டையும் தொடாமல் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, டீவியைப் பார்த்து நானே தலையாட்டினேன்.

"என்னடா ஆட்டுற?" என்றார் பக்கத்தில் இருந்த தொரை.

"கழுத்துல சுளுக்குங்க தொரை," என்றேன்.