கொடியில் காய்ந்த டீ-ஷர்ட்: அவிநாசிப் பக்கம் ஒரு ஞாயிறு

சேலத்திலிருந்து திருப்பூருக்கு யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியதற்குக் காரணம் என் கல்லூரித் தோழி ஈஸ்வரி. வீட்டில் அடி தாங்காமல் வெளியேறும் பெண்கள் கொஞ்ச நாள் தங்குவதற்காக, அவளும் சில தோழிகளும் சேர்ந்து ஒரு வாடகை வீடு நடத்துகிறார்கள். "ஞாயித்துக்கெழம கம்பெனி லீவு. புருசமாரெல்லாம் தேடிக் கெளம்பற நாளு. ஆள் பத்தறதில்ல, ஒரு நாள் வந்து கூட இரு" என்றாள்.

காலை ஆறரைக்கு ரயில் ஏறினால் எட்டரை வாக்கில் திருப்பூர். பழைய பேருந்து நிலையத்திலிருந்து அவிநாசி பதினான்கு கிலோமீட்டர். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. (கையில் ஒன்றுமில்லாமல் ஓடிவரும் பெண்களை இந்த பஸ்தான் கொண்டுவந்து சேர்க்கிறதாம்.) அங்கிருந்து சேவூர் ரோட்டில் ஆட்டோ, நூறு ரூபாய். "ஏனுங்க, சொந்தக்காரங்க ஊடுங்களா?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்று சொல்லும்படி ஈஸ்வரி முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டில் அன்று இருந்தவள் ஜெபராணி, ஆறு வயது மகளுடன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் டெய்லர். கணவன் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வந்து பத்து நாள்தான் ஆகிறது. நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினோம். எனக்கு அழுகை வந்ததற்கு வெங்காயத்தின் மீது பழி போட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வாசலில் பைக் சத்தம். ஜெபராணியின் கணவன் தேடி வந்திருந்தான். கூடவே கம்பெனி சூப்பர்வைசர். இந்த ஊரில் குடும்பச் சண்டை என்றால் மரியாதைக்குரிய ஒருவரைக் கூட்டிப் போய்ப் பேசித் தீர்ப்பதுதான் வழக்கம். அப்படிப் பேசித் தீர்த்து ஜெபராணி ஏற்கனவே இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறாள்.

"அந்தப் பேருல இங்க யாருமில்லீங்க" என்றாள் ஈஸ்வரி.

கணவன் மாடியில் துணி காயும் கொடியைக் காட்டினான். குழந்தையின் மஞ்சள் டீ-ஷர்ட். "எங்க கம்பெனி லாட்டு அது. இன்னும் ஷிப்மெண்டே போகல, வெளிய எங்கயும் கெடைக்காது. நாந்தான் அயர்ன் போட்டேன்."

திருப்பூரில் குழந்தைகள் எல்லாம் கம்பெனியில் கழித்துவிட்ட ரிஜெக்ட் பீஸ்தான் போட்டுத் திரிகிறார்கள். அதனால் கொடியில் கிடந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியூர்க்காரியான எனக்கு அது வெறும் மஞ்சள் சட்டை.

சூப்பர்வைசர் தன்மையாகத்தான் பேசினார். "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. இந்த ஒரு தடவ ஊட்டுக்கு அனுப்பி வையுங்க. நான் பொறுப்புங்க."

ஈஸ்வரி போனைக் கையில் எடுத்தாள். அதற்குள் ஜெபராணி வெளியே வந்துவிட்டாள். இந்த முறையும் போய்விடுவாளோ என்று நினைத்தேன். அவள் கணவனைப் பார்க்கவேயில்லை. சூப்பர்வைசர் முன்னால் நின்று ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். தோளுக்குக் கீழே, இஸ்திரிப்பெட்டி முனையின் அச்சு.

"சார், அந்தச் சட்டை மட்டுமில்ல. இதுவும் இவுக போட்ட அயர்ன்தான். இதுக்கும் நீங்க பொறுப்பா?"

"எனக்கு இது தெரியாதுங்க" என்று சூப்பர்வைசர் ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டு, அவனைப் பார்த்து "வண்டிய எட்றா" என்றார். ஏறும்போது அவன், "எடம் தெரிஞ்சிடுச்சுல்ல, பாத்துக்கிடுதேன்" என்றான்.

ஈஸ்வரி போலீஸில் புகார் சொன்னாள். பிறகு எல்லோருமாக வீட்டைக் காலி செய்தோம். அதனால்தான் சேவூர் ரோடு என்று இங்கே தைரியமாக எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு உதவப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சொல்லாமல் போய் நிற்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். துணி கொடுப்பதானால் உங்கள் ஊர்க் கடையில் வாங்கியதைக் கொடுங்கள். எல்லாவற்றையும் விட, "சமாதானமாப் போம்மா" என்று புத்தி சொல்லாதீர்கள். அதைச் சொல்ல அங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள்.

திரும்பும்போது, ஈஸ்வரி ஏற்பாடு செய்த வேறொரு வீட்டுக்குப் போக, ஜெபராணியும் மகளும் என்னோடு அதே டவுன் பஸ்ஸில் வந்தார்கள். "அப்பா அங்க வருவாகளா?" என்று குழந்தை கேட்டது. "வர மாட்டாக" என்றாள் ஜெபராணி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. வழியில் ஓர் ஊரில் இறங்கிக்கொண்டார்கள். பேருந்து எண், நிறுத்தம், நடக்கும் தூரம் எல்லாம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.