ஆலங்கட்டி மழையில் ஜன்னலோர சீட்: ஃபிரிஸ்கோ முதல் பாலோ டியூரோ வரை

எனக்கு ஜன்னலோர சீட் என்றால் உயிர். போன ஏப்ரலில் ஆலங்கட்டி மழை எங்கள் பழைய வேனின் பின்பக்க ஜன்னலை உடைத்து, கண்ணாடித் தூளை என் மடியில் கொட்டியது. சின்னக் கீறலோடு தப்பித்தேன். ஆனால் அன்றிலிருந்து எங்கே போனாலும் பயந்தாங்கொள்ளியாக நடு சீட்டில்தான் ஒடுங்கி உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்காத பயணமும் ஒரு பயணமா?

என் கணவர் அருள் விடவில்லை. பின்னால் இருந்த, திறக்க முடியாத இரண்டு ஜன்னல்களையும் கழற்றிவிட்டு, கீறல் விழாத பூச்சு கொண்ட பாலிகார்பனேட் என்கிற கெட்டி பிளாஸ்டிக் தகடு போட்டார். கூலியோடு 640 டாலர். மிஞ்சிய துண்டையும் சுத்தியலையும் என்னிடம் கொடுத்து, "உன் கோபத்தையெல்லாம் இதுல காட்டு" என்றார். காட்டினேன். சுத்தியல்தான் துள்ளியது. எங்கள் எட்டு வயது மகள் ஜெனி கைதட்டினாள். அப்படியும் என் பயம் போகவில்லை.

இந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6:10க்கு எங்கள் ஊர் ஃபிரிஸ்கோவிலிருந்து கிளம்பினோம். பாலோ டியூரோ பள்ளத்தாக்குக்குச் சுமார் 370 மைல், ஆறு மணி நேரம். வழியில் விச்சிட்டா ஃபால்ஸ் ஊரில் காபி குடித்துவிட்டு வந்தால், ஜெனி நடு சீட்டைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள். "அம்மா, யுவர் டர்ன்!" வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சில்ட்ரஸ் என்ற ஊரைத் தாண்டியதும் வானம் கறுத்தது. அருள் ஓரங்கட்டுவதற்குள், காற்றோடு நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் பக்கவாட்டில் அடித்தன. "மாதாவே!" என்று கத்திக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா, லுக்! ஜஸ்ட் லுக்!" ஜெனி என்னை உலுக்கினாள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கட்டிகள் என் மூக்குக்கு நேரே வந்து மோதித் துள்ளி ஓடின. ஜன்னலில் ஒரு விரிசல் இல்லை. ஐயோ, எவ்வளவு அழகு! கட்டி அடித்த ஆறு நிமிடமும் வாய்விட்டுச் சிரித்தேன். வேன் கூரைதான் பள்ளம் பள்ளமாகிவிட்டது.

பள்ளத்தாக்கில் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு எட்டு டாலர். செம்மண் தூசி படிந்த ஜன்னலைத் துப்பட்டாவால் துடைக்கப் போனேன். "ஏய்! தண்ணி ஊத்தாம தொடைக்காத, மண்ணு கீறிடும்!" என்று அருள் ஓடிவந்தார். ஆலங்கட்டியைத் தாங்குமாம், என் துப்பட்டாவைத் தாங்காதாம்!

இப்படி ஜன்னலை மாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கீறல் விழாது என்று கடைக்காரர் சொன்னால், சுலபத்தில் விழாது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி, மெத்தென்ற துணியால் துடையுங்கள்; அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம். முன்பக்கக் கண்ணாடியை மாற்றவே கூடாது. அவசரத்துக்கு இந்தத் தகட்டை உடைத்து வெளியே வர முடியாது என்பதால், எங்கள் முன் கதவுகளில் பழைய கண்ணாடியே இருக்கிறது. உங்கள் மாநில விதியையும் இன்ஷூரன்ஸையும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

ஞாயிறு திரும்பும்போது, அதே சில்ட்ரஸ் பக்கத்தில் மறுபடியும் கருமேகம். அருள் வேகத்தைக் குறைத்தார்.

"நடுவுல வந்து உக்காந்துக்கறியா?"

"பேசாம ஓட்டுப்பா. நான் வேடிக்கை பாக்கணும்."