தங்கச்சி கையெழுத்து

மனை வாங்கப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். ஒரு பாவாடைத் துணி எடுக்கக் கடையையே புரட்டிப் போடுகிறவர்கள், ஆயுசுக்கும் குடியிருக்கப் போகிற இடத்தைப் புரோக்கர் குடைக்கடியில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து மனை யாருடையது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். எங்கள் கவரைப்பேட்டையில் அப்படி முழிக்காதவள் ஒருத்தி இருந்தாள். கன்னியம்மா என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாது. மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள்.

ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் மில் களத்தில் நெல் உலர்த்தினாள். அவள் புருஷன் பாக்கியநாதன் எண்ணூர்ப் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். காலை பாசஞ்சரைப் பிடிக்க ஓடுவார், இருட்டிய பிறகு முகமெல்லாம் கரியோடு வந்து இறங்குவார். வீட்டுக்காரருக்குச் சட்டங்கள் ஏராளம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அம்மி கொத்தக் கூடாது, சொந்தக்காரர் வந்தால் ரெண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நாங்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிப் போனோம். கன்னியம்மாவும் அடங்கித்தான் போனாள், எழுபத்திரண்டாம் வருஷம் அவள் அம்மா முத்தம்மா அந்த அறையில் இறந்துபோகும் வரைக்கும்.

உயிர் போன அரை மணியில் வீட்டுக்காரர் வந்து நின்றார். "குடியிருக்கத்தான் ஊடு குட்தேன். பொணம் வெக்கவா குட்தேன்? நாளைக்கு வேற எவன் வாடகைக்கு வருவான்?" என்றார். வாடகை வீட்டில் சாவு வைக்கக் கூடாது என்பது எல்லா வீட்டுக்காரர்களும் வைத்திருந்த சட்டம். கட்டிலோடு தூக்கி வந்து ரோட்டோரப் புங்கமரத்தடியில் போட்டார்கள். போகிற லாரி எல்லாம் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. கன்னியம்மா ஒரு முறத்தை எடுத்து அம்மா முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் வருகிற வரைக்கும் அவள் அழவே இல்லை. அடக்கம் முடிந்து வந்தபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே என் ஊட்டு சாவோ கல்யாணமோ, என் சொந்த மண்ணுலதாம்மே நடக்கணும்."

அதற்கப்புறம் அவள் வாய் திறந்தால் மனைதான். சீட்டுக் கட்டினாள், இருந்த ஒரு ஜோடி கம்மலையும் கழற்றினாள், பாக்கியநாதனை நச்சரித்துக் கம்பெனியில் பண்டு லோன் போட வைத்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது. புரோக்கர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. சுப்பிரமணி என்ற புரோக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனுக்கே வந்தான்.

சத்தியவேடு ரோட்டில் எட்டு செண்ட் மனை, உள்ளே கிணறு, தண்ணீர் கல்கண்டு. உடையவர் மணவாளன். விலையைக் கேட்டதும் பாக்கியநாதன் எழுந்தே நின்றுவிட்டார். அக்கம்பக்கத்து விலையில் முக்கால்தான் வந்தது.

மணவாளனைக் கன்னியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயசில் அவர் வயலில் நடவு நட்டவள் அவள். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்ததற்காக அவளையும் முத்தம்மாவையும் எழுப்பி விரட்டிய மனுஷர். அந்த மனுஷர்தான் இப்போது ஊருக்குள் மனை விற்கிறார், அதுவும் சேரியிலிருந்து வந்தவர்களுக்கு, அதுவும் விலை குறைத்து.

"வரப்புல குந்த வுடாத ஆளு, இப்ப மனையே எழுதித் தரேன்றாரே. நம்மளாண்ட ஏன் வராரு?" என்று கேட்டாள்.

"காலம் மாறிட்ச்சிக்கா" என்றான் சுப்பிரமணி. "டப்பு யார் குட்தா இன்னா?"

"காலம் மாறினா வெல ஏறணும். எறங்குதே?"

சுப்பிரமணி பேச்சை மாற்றினான். அட்வான்ஸாவது கொடுத்து வையுங்கள், தடாவிலிருந்து ஒரு பார்ட்டி வந்துகொண்டே இருக்கிறது என்று அவசரப்படுத்தினான். பாக்கியநாதனின் கை தன்னால் டிரங்குப் பெட்டிப் பக்கம் போயிற்று. கன்னியம்மா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பொன்னேரியில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். எந்த வில்லங்கமும் இல்லை என்று சர்டிபிகேட் வந்தது. பாக்கியநாதன் அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினார், ஏதோ மனையே கைக்கு வந்துவிட்டது போல. கன்னியம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் களத்து வேலையை விட்டுவிட்டு, அந்த மனையைச் சுற்றி இருக்கிறவர்களின் வாசலில் போய் நின்றாள். என்ன கேட்பது என்றெல்லாம் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒங்க பக்கத்துல குடி வரலாம்னு பாக்குறோம், வரலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருத்தர் கதவைச் சாத்தினார். ரெண்டு பேர், வந்தால் வாருங்கள் என்றார்கள். கிழக்குப் பக்கத்து அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "சம்பூர்ணம் கையெழுத்துப் போட்டுட்டாளா?" என்று கேட்டாள்.

மணவாளனுக்குத் தங்கச்சி ஒருத்தி உண்டு என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த இடம் அவர்கள் அப்பா தன் கைக்காசில் வாங்கியது. எழுதி வைக்காமல் அறுபத்தாறில் செத்துப்போனார். அவர் பெண்சாதி அதற்கு முன்பே போய்விட்டாள். ஆகவே அண்ணனுக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி. இதைத் தெரிந்துகொண்டு ஏற்கனவே மூன்று பேர் விலகிப் போயிருந்தார்கள். அதனால்தான் விலை குறைந்தது, அதனால்தான் மணவாளனுக்குச் சேரிக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்ற நினைப்பு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சர்டிபிகேட்டில் கடன் இருந்தால் தெரியும், அடமானம் இருந்தால் தெரியும். ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி எந்தச் சர்டிபிகேட்டிலும் வரமாட்டாள்.

மணவாளனிடம் கேட்டதற்கு, "அவளுக்கு நக நட்டுப் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சி. அதோட கணக்கு முடிஞ்சிது" என்றார். பத்திரம் எழுதுகிறவரோ, எழுதச் சொன்னால் எழுதுகிறேன், நாளைக்கு அந்தம்மா கேஸ் போட்டால் நான் பொறுப்பில்லை என்று கழன்றுகொண்டார். கன்னியம்மா ஒரே பிடியாக நின்றாள். தங்கச்சி கையெழுத்து வேண்டும், வராமல் ஒரு பைசா பெயராது. அப்பா செத்ததிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை, நான் போய்க் கேட்கமாட்டேன் என்று மணவாளன் முறுக்கிக்கொண்டார்.

"அப்ப நான் போறேன்" என்றாள் கன்னியம்மா. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆரம்பாக்கத்தில் சம்பூர்ணம் கொட்டகையில் எருமை கறந்துகொண்டிருந்தாள். விதவை, பெரிய உடம்பு, கணீரென்ற குரல். நாங்கள் யார், எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்தபிறகும் மோர் டம்ளரைக் கீழே வைக்காமல் கையில் கொடுத்தாள். அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கன்னியம்மா வந்த சேதியைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எங்கண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

"எனக்குப் பங்கு கீதுன்னு யார் சொன்னது?"

"சட்டமே அப்டித்தானாம். பத்திரம் எழுதறவர் சொன்னாரு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் வாங்குவேன்."

சம்பூர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்க நைனா செத்ததுலேர்ந்து இத்தினி வருசம், சம்பூர்ணம்னு ஒருத்தி கீறாளேன்னு ஒரு ஆளு கேக்கல. நீ வந்து கேக்குற" என்றாள். காரியம் பழம்தான் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அடுத்த வார்த்தையிலேயே அது போயிற்று. "ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். அவரு பாதிய அவரு வித்துக்கட்டும். என் பாதி எங்க நைனா எடம், அது எனக்கு வோணும்."

ரயிலில் திரும்பி வரும்போது கன்னியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எட்டு செண்டில் வீடு எங்கே, மாட்டுக்கொட்டகை எங்கே, முருங்கை எங்கே என்று எனக்கே மனப்பாடம் ஆகிற அளவுக்குச் சொல்லியிருந்தாள். அதில் பாதி போய்விட்டது.

பாக்கியநாதன் அன்றைக்குக் கத்தியதில் எங்கள் நடுச்சுவர் அதிர்ந்தது. "நீ போய் சொல்லாம இருந்தா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சே இருக்காது! வேலியில போற ஓணான எட்த்து வுட்டுக்கினியே!"

"தெரிஞ்சிருக்கும்யா" என்றாள் கன்னியம்மா. "நாம ஊடு கட்டி முடிச்சப்பறம் தெரிஞ்சிருக்கும்."

மணவாளன் ஒரு மாதம் குதித்தார். கன்னியம்மாவைக் களத்துக்கே வந்து திட்டினார். அவர் கையில் அட்வான்ஸ் மட்டும் போயிருந்தால் அத்தோடு கதை கந்தலாகியிருக்கும். அது டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. தடா பார்ட்டி என்று ஒருவனும் வரவில்லை. கடைசியில் மகள் கல்யாணம் நெருங்கவும், என் பங்குக்கு வருகிற பின்பாதியை மட்டும் விற்கிறேன் என்று சுப்பிரமணியிடம் சொல்லி அனுப்பினார். பாதிக்குப் பாதி விலை என்றார். பின்பாதிக்கு ரோடு கிடையாது, அதனால் இன்னும் குறையுங்கள் என்று கன்னியம்மா நின்றாள். குறைத்துக்கொண்டார்.

எழுபத்துமூன்று தை மாதம் பொன்னேரியில் பதிவு. முதலில் அண்ணன் தங்கச்சி பாகப்பிரிவினைப் பத்திரம், அடுத்து கன்னியம்மாவுக்குக் கிரயம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதால் நான் ஒரு சாட்சி. ரோட்டை ஒட்டிய முன்பாதி சம்பூர்ணத்துக்கு, கிணறு இருக்கிற பின்பாதி மணவாளனுக்கு, அது கைமாறி கன்னியம்மாவுக்கு. சம்பூர்ணம் தன் பிள்ளைகள் ரெண்டு பேரையும் அழைத்து வந்திருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மரத்தடி பெஞ்சின் ரெண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

எழுதுகிறவர் பாகப்பிரிவினையைப் படித்துக் காட்டி முடித்ததும் கன்னியம்மா கேட்டாள். "அய்யா, பின்னால கீற எடத்துக்கு நான் எப்டி போறது? வழி எங்க எழுதியிருக்கு?"

எழுதவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

"வழியா?" என்று சம்பூர்ணம் சிரித்தாள். "என் எடத்துல நட்ந்து போவாதன்னு ஒன்ன நான் சொல்வனா? தாராளமா போய்க்கினு வந்துக்கினு இரு. இத்தப் போய் எழுதுவாங்களா?"

"எழுதணும்மா."

சம்பூர்ணத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னைத் தேடிக்கினு ஆரம்பாக்கம் வந்தவ நீ. ஒன்னாலதான் எனக்கு இந்த எடமே வருது. என்னை நம்ப மாட்டியா?"

பாக்கியநாதன் பின்னாலிருந்து, "வுடு கன்னிம்மா, பேஜாரு பண்ணாத" என்று பல்லைக் கடித்தார். இவர்கள் முட்டிக்கொள்வதில் மணவாளனுக்கு உள்ளுக்குள் குஷி, முகத்தில் தெரிந்தது. கிடைத்த பாதியும் கைநழுவிப் போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. நன்றி மறவாமல் நடந்துகொள்கிற ஒரு பொம்பளையின் முகத்தில் அடித்தாற்போல இப்படிக் கேட்கலாமா என்று நான்கூட நினைத்தேன். பொய் சொல்வானேன்.

கன்னியம்மா விடவில்லை. "ஒங்கள நம்புறேம்மா. சத்தியமா நம்புறேன். ஒங்க புள்ளைங்கள எனக்குத் தெரியாது."

சம்பூர்ணத்தின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் திரும்பித் தன் பிள்ளைகள் இருந்த பக்கம் பார்த்தாள். அவர்கள் அங்கே டீக்கடை ஓரமாகச் சுப்பிரமணியை நடுவில் விட்டுக்கொண்டு, ரோடு பக்கத்து மனை இப்போது செண்ட் என்ன விலை போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் காதுக்கே கேட்டது.

சம்பூர்ணம் எழுதுகிறவர் பக்கம் திரும்பினாள்.

"எழுதுப்பா. மாட்டு வண்டி தாராளமா போற அகலத்துக்கு எழுது. நான் செத்தாலும் செல்லும்படியா எழுது. எம்புள்ளைங்கள இவளுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும்."