வயர் வழியே இறங்கிய பெயர்கள்

திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ் என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: போர் போடும் வண்டி வைத்திருப்பவர்களின் அலுவலகம். வண்டி இங்கே நிற்காது. கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ ஏதோ ஒரு வறண்ட காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். இங்கே இருப்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு போன். அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அது என்னை விட்டுப் போன விதத்தைத்தான் எழுத வந்திருக்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம்.

முதலில் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸ் சிம்மைப் போட்டு ஒரு பட்டன் போன் கொடுத்தார்கள். அது செத்ததும் முதலாளியிடம் சொன்னேன். "வாங்கிக்கலாம் அம்மணி" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "வாங்கிக்கலாம் அம்மணி." கடைசியில் என் வீட்டுக்காரர்தான் தறிப்பட்டறையில் கிடைத்த தீபாவளி போனஸில் எனக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தார். அதிலேயே ஆபீஸ் சிம்மைப் போட்டுக்கொண்டேன். ஒருத்திக்கு எதற்கு இரண்டு எண் என்று என் சொந்த சிம்மைத் தூக்கிப் போட்டேன். கேஸ் சிலிண்டர் பதிவு, பேங்க், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். சிம் முதலாளி பெயரில் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

அந்தப் போனில் நான் பதிந்து வைத்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். இந்தத் தொழிலில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. தெரிந்ததை வைத்துத் தமிழில் பதிந்துகொள்வேன். 'ராய்ச்சூர் அவசரம்' என்று ஒரு ஏஜெண்ட், எப்போது கூப்பிட்டாலும் வண்டி இன்றைக்கே வேண்டும் என்பார். 'சேலம் பேரிங் பாய்' என்பவர் கடையடைத்த பிறகும் திறந்து சாமான் கொடுப்பார். 'கடப்பா ரெண்டு பொண்டாட்டி', 'காலையில் மட்டும்', 'எடுக்காதே', 'எடுக்காதே இரண்டு'. இப்படியே போகும். எல்லாவற்றுக்கும் நடுவில் 'நான்' என்று ஒன்று உண்டு. அது என் மெயில் முகவரி. மகளின் செல்லப்பெயரை வைத்து அவளே உருவாக்கிக் கொடுத்தது. எங்கே புள்ளி வரும், எங்கே எண் வரும் என்று எனக்கு நினைவிருக்காது. அதனால் 'நான்' என்று போட்டு முகவரியை மட்டும் அதில் எழுதி வைத்திருந்தேன்.

வண்டியில் போன ஆட்கள் பாதி நேரம் யாரிடமாவது இரவல் வாங்கித்தான் பேசுவார்கள். புது எண்ணாக வரும். எடுத்தால், "அக்கா, நான்தானுங்க." அவ்வளவுதான். நானும் யாரென்று கேட்காமல், "உன்ற மகனுக்குக் காய்ச்சல் உட்டுருச்சாம், ஊட்ல சொன்னாங்க" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு அது பிடிபடவே பிடிபடாது.

"நான்னா யாருன்னு கேக்க மாட்டியா அம்மணி?"

"குரலுக்கு எதுக்குங்ணா பேரு?" என்பேன். அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை இப்போதும் விடவில்லை.

ஒரு தடவை ராய்ச்சூர்ப் பக்கம் எங்கள் வண்டியில் ஒரு ஆளுக்கு இரும்பு ராடு விழுந்து கை நசுங்கிவிட்டது. செய்தி சொன்னவனின் போன் பாதியிலேயே செத்துப்போனது. கூட இருந்தவர்கள் யாருக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என் போனில் 'புளியமரம் டீக்கடை' என்று ஒரு எண் இருந்தது. எப்போதோ ஒரு டிரைவர் அங்கிருந்து பேசியிருக்கிறான், நான் பதிந்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கெஞ்சினேன். அந்த டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கில் போய் வண்டியைக் கண்டுபிடித்து, ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கை பிழைத்தது. மறுநாள் முதலாளி வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம ஆபீஸ் ஒரே போன்ல ஆளைக் காப்பாத்திருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காப்பாற்றியது ஆபீஸாம். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு முதலாளியின் மகன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். கல்யாணமாகிவிட்டது, இனி தொழிலைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். தங்கமான பையன் என்று ஊரில் பெயர். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுகிறவர்கள்தான். முதலாளி மட்டும் எனக்குப் போட மாட்டார். உரிமையாம்.

மகன் வந்ததும் முதல் வேலையாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒரு மெயில் புரோகிராம். ஏஜெண்டுகள், கடைக்காரர்கள் எல்லோருடைய எண்ணும் முகவரியும் அதற்குள் இருக்க வேண்டும், ரேட் மாறினால் ஒரே அழுத்தில் எல்லோருக்கும் மெயிலாகவோ மெசேஜாகவோ போக வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். நான் மறுக்கவில்லை.

"காண்டாக்ட்ஸ் எல்லாம் உங்க போன்லதானுங்க இருக்குது? அதை அப்படியே இதுல இறக்கிரலாமுங்க அக்கா."

மேஜைமேல் கிடந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கணக்கை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பில்லை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்த ஆபீஸில் என் கையில் இருந்தது அந்தப் பெயர்கள் மட்டும்தான். அவையும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் நான் எதற்கு? வீட்டில் சொன்னேன். "குடுக்காத. கேட்டா போன் ரிப்பேருன்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அந்த மாதிரிச் சில்லறைப் பொய் வராது. நேராக முதலாளியிடமே கேட்டேன்.

"இதையெல்லாம் ஏத்திட்டா அப்புறம் எனக்கென்னங்ணா வேலை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட என்ன சாமி இப்படிக் கேட்டுப்போட்ட? உன்னைய விட்டுருவமா? நீ நம்மூட்டுப் பொண்ணு."

அவர் 'சாமி' என்று கூப்பிட்டாலே ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 'நம்மூட்டுப் பொண்ணு'வில் விழுந்துவிட்டேன். போனை எடுத்துக் கொடுத்தேன்.

மகன் ஒரு வெள்ளை வயரைச் செருகினார். என்னென்னவோ அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க வரிசையாக வந்து நின்றன. எண்கள் சரியாக வந்திருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறிகள். ஐந்து, ஆறு, பத்து என்று பெயரின் நீளத்துக்குத் தக்கபடி வெறும் கேள்விக்குறிகள். அந்தப் புரோகிராமுக்குத் தமிழ் புரியவில்லையாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். இறக்கிக்கொள்ளுங்கள், யார் அவசரம், யார் பேரிங் பாய் என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். "நம்பரை வச்சுப் பார்த்து, பேரை இங்கிலீஷ்ல அடிச்சுருங்க அக்கா" என்றார் மகன்.

"எப்படிங்க தம்பி அடிக்கிறது? பேரெல்லாம் ஒரு மாதிரி இருக்குமே."

"இருக்கறதை அப்படியே அடிங்க. அப்பறம் நான் பார்த்துக்கறேன்."

அப்படியே அடித்தேன். போனில் எண்ணைத் தேடுவதும் திரையில் அடிப்பதுமாக நாட்கணக்கில் அதே வேலை. 'எடுக்காதே'யை இங்கிலீஷில் அடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர், அம்மா, மகளின் டீச்சர் இவர்களை மட்டும் கேள்விக்குறியாகவே விட்டுவிட்டேன். இவர்கள் எதற்கு அந்தப் பெட்டிக்குள்? ஆனால் கை ஓட்டத்தில் 'நான்' என்பதையும் அடித்துத் தொலைத்திருக்கிறேன்.

முடிந்ததும் மகன் உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். கேள்விக்குறியாக நின்றவற்றை அழித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இதென்னங்க அக்கா, நாண்? நம்பரே இல்லீங்க, மெயில் மட்டும் இருக்குது. ரொட்டி போடற தாபாவுங்களா?"

நாள் முழுக்க அடித்து விரல் வலி. 'நான்' என்பது நான்தான் என்று விளக்கவெல்லாம் தெம்பில்லை. "ஆமாங்க தம்பி" என்றேன். அவரும் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மழை பெய்தால் ரிக் தொழில் படுத்துவிடும். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது நாங்கள் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் முதலாளி ஆபீஸுக்கு வரவில்லை. மகன்தான் வந்தார், என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சீசன் டல்லுங்க அக்கா. இனி நானே பார்த்துக்கலாம்னு. அப்பாதான் சொல்லச் சொன்னாருங்க."

நம்மூட்டுப் பொண்ணிடம் நேரில் சொல்ல முதலாளிக்கு முகம் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வரவில்லை. "சரிங்க தம்பி" என்றுதான் வாயில் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"சிம்மு மட்டும் குடுத்துருங்க அக்கா. அது ஆபீஸோடது."

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, போனின் ஓரத்தில் குத்தி, சிம்மை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதோடு விடவில்லை. "ஒரு நிமிஷங்க" என்று போனைக் கையில் வாங்கினார். "நம்ம ஆபீஸ் டேட்டாவுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லாப் பெயர்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். என் வீட்டுக்காரர் பெயரும் என் அம்மா பெயரும் அதிலேயே போயின. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் எருமப்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் பேச வேண்டும்போல் இருந்தது. அம்மாவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினேன். வேலை போனதற்கு அழவில்லை, பெற்ற தாயின் எண்ணை இன்னொருவரிடம் கேட்டு வாங்கும்போதுதான் அழுகை வந்தது.

புது சிம் வாங்கினேன். பேங்குக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் அலைந்து எண்ணை மாற்றினேன். இப்போது பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கெழுதுகிறேன். புது எண் யாருக்கும் தெரியாது, யாரும் கூப்பிடுவதில்லை. போன் அத்தனை அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பழைய எண்ணுக்குக் கூப்பிட்டு "அக்கா, நான்தானுங்க" என்று சொல்கிறவர்களுக்கு அங்கே என்ன பதில் கிடைக்கிறதோ என்று சில நாள் யோசித்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு மத்தியானம், மில்லில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் போனில் ஒரு மெயில். எனக்கு மெயில் வருவதே அபூர்வம். அனுப்பியது ரிக் ஆபீஸ். இங்கிலீஷில் இருந்தது. முதல் வரி: "டியர் நான்."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒரே அழுத்தில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், பெட்டிக்குள் இருந்த பெயரை அதுவாகவே எடுத்துப் போட்டிருக்கிறது. 'டியர் எடுக்காதே' என்றும், 'டியர் கடப்பா ரெண்டு பொண்டாட்டி' என்றும் எங்கெங்கோ போயிருக்கும். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் அடுத்த வரிக்குப் போனேன்.

எங்கள் அலுவலகத்தில் பணிபுரிந்த பெண் ஊழியர் இப்போது எங்களிடம் இல்லை. அவருடன் யாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். மீறி வைத்துக்கொண்டால் அதற்கு எங்கள் அலுவலகம் பொறுப்பல்ல. இதுதான் கடிதம்.

பேப்பரில் போட்டோ போட்டு வருமே, பணத்தைக் கையாடிவிட்டு ஓடியவர்களைப் பற்றி, அதே வாசகம். அந்த ஆபீஸில் ஒரு பேனா எடுத்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். ராய்ச்சூர் அவசரமும் பேரிங் பாயும் அந்த டீக்கடைக்காரரும் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? என்னை நம்பாதே என்று எனக்கே கடிதம் போட்டிருக்கிறார்கள், அதுவும் அன்பாக. உடம்பெல்லாம் எரிந்தது. கீழே, 'இனி இந்த எண்ணில் மட்டும் தொடர்புகொள்ளவும்' என்று ஒரு எண் இருந்தது. பார்த்த உடனே தெரிந்தது. என்னுடைய எண்.

மில் வாசலுக்கு வந்து அந்த எண்ணை அழுத்தினேன். அன்றைக்குக் கேட்காத நான்கு கேள்வியும் நாக்கு நுனியில் நின்றன. மகன் எடுப்பார் என்று நினைத்தேன். முதலாளியே எடுத்தார்.

"அலோ, ரிக் ஆபீஸ்."

"நான்தானுங்ணா."

குரலை வைத்தே தெரிந்துகொள்வார் என்று காத்திருந்தேன்.

"நான்னா யாருங்க?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.