தங்கை சொல்லும் ‘நான்’

சக்கர நாற்காலியில் தலை நிமிர்ந்து உட்காரும் பலம், உறிஞ்சுகுழல் வைத்துத் தானே தேநீர் குடிக்கும் சுதந்திரம், தத்துவத்தில் முதுகலைப் பட்டம், பக்கத்து வீட்டாரின் ‘ஐயோ பாவம்’ நின்றுபோனது: இவையெல்லாம் என் தங்கை போராடி வென்றவை.

காலையில் நான் தலைவாரிவிடும்போதே கணினித் திரையில் அவள் மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு தொடங்கிவிடும். வகிடு கோணினால் பாடத்தை நிறுத்தி, “அக்கா, கொஞ்சம் இடப்பக்கம்” என்பாள். பள்ளியில் படிக்கும்போது நீச்சல்குளத்தில் ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்தது. அதற்குக் கீழே எதுவும் அசையாது, தொட்டாலும் தெரியாது. அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் காப்பாளர் என்று என் கையெழுத்துதான்.

அவள் நடத்துவது ஆன்மாவைப் பற்றிய பழைய இஸ்லாமியத் தத்துவம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஆன்மாவுக்கு அரபியில் நஃப்ஸ் என்று பெயர். வளர்வது செடிக்கும் உண்டு, உணர்ந்து நகர்வது விலங்குக்கும் உண்டு, சிந்திப்பது மனிதருக்கு மட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் ஒருவர் கேட்டாராம்: வெட்டவெளியில் மிதக்கும்படி ஒருவன் படைக்கப்படுகிறான். கண் மறைக்கப்பட்டிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. தனக்கு உடம்பு இருப்பதே தெரியாத அவன், ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவானா? அறிவான் என்பது அவர் முடிவு.

“அவனைவிட நான் குடுத்துவெச்சவ. மூக்கு அரிச்சா சொறிஞ்சுவிட அக்கா இருக்கா” என்று சொல்லி மாணவர்களைச் சிரிக்கவைப்பாள்.

ஒரு கல்லூரி அவளை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. நியமனத் தாளோடு அலுவலக எழுத்தர் மைப்பெட்டியையும் திறந்தார். தங்கையின் கட்டைவிரலைப் பிடித்து ஒற்றச் சொல்லி என்னைப் பார்த்தார். இல்லையென்றால் காப்பாளராக நானே கையெழுத்துப் போடலாமாம்.

“வேணாம் சார்” என்றாள் தங்கை. “அந்த விரலை யார் பிடிச்சு வெச்சாலும் எனக்குத் தெரியாது. ஒத்துக்கிறது நான். நான்தான் போடணும்.”

வெள்ளிக்கிழமைக்குள் தாள் வராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்றார் எழுத்தர்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவைப் பல்லில் கடித்து, வெற்றுத்தாளில் எழுதிப் பழகினாள். முதல் எழுத்து தாளைக் கிழித்தது. அடுத்தது எச்சிலில் கரைந்தது. பேனாவைச் சுற்றித் துணி கட்டிவிட்டு, பல் வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலிக்குது. நல்லாத்தான் இருக்கு.”

வெள்ளியன்று அலுவலகத்தில் நியமனத் தாளை வைத்த அட்டையை அவள் முகத்தருகே நான் பிடிக்கப் போனேன். “நீ தள்ளி நில்லுக்கா” என்றாள். எழுத்தர் எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். குனிந்து, தன் பெயரைக் கடைசிப் புள்ளிவரை எழுதி முடித்தாள். எழுத்தர் அட்டையை எடுக்கப் பார்த்தார். அவள் பேனாவை விடாமல் தலையை ஆட்டித் தடுத்தாள். பெயருக்குக் கீழே தேதியையும் போட்டாள்: 14.3.2025.