முந்திப் போன சக்கரம்

வாடகைக்கு நாற்காலி விடும் அந்த அம்மாளை ஊரே நாற்காலியம்மா என்றுதான் கூப்பிடும். சாமான் ஏற்றிப் போக ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தாள். ஓட்டுவதும் அவளே. வண்டியை யாராவது குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல் முகம் சிவந்துவிடும். ஏற்றி இறக்கத் தம்பி கூட வருவான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். ஆனாலும் அக்கா அதட்டினால் வாயை மூடிக்கொள்வான்.

முன்சக்கர பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கிடப்பதை அவன்தான் பார்த்தான். கடையில் போய், “இருக்கறதுலயே ஒசத்தியானதாக் குடுங்க” என்று நீல நிற கிரீஸ் ஒரு டப்பா வாங்கிவந்தான். பழைய மஞ்சள் கிரீஸைத் துடைக்காமல் அதன் மேலேயே இரண்டு பக்கமும் அப்பினான். பிறகு முன்பக்கம் ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது.

“புதுசு இல்லையா, பழகிடும்க்கா” என்றான். அவளும் நம்பிவிட்டாள்.

அன்று காலை, வண்டி நிறைய நாற்காலிகளோடு கடைத்தெரு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அங்க பாரு! யாரோட சக்கரமோ தனியா ஓடுது!”

அவன் சிரித்து முடிப்பதற்குள் வண்டி இடதுபக்கம் பொத்தென்று விழுந்து, தார் ரோட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது. சக்கரம் நிற்கவில்லை. இறக்கத்தில் துள்ளித் துள்ளிப் போய் ஒரு தையற்கடைக்குள் புகுந்தது. உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம்.

நாற்காலியம்மா செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினாள். துணி வெட்டும் மேசை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் தையற்காரர் கழுத்தில் டேப்போடு அசையாமல் நின்றார்.

“இப்பதாம்மா… போன் அடிச்சுதுன்னு இங்கேருந்து எழுந்தேன்.”

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கித் தையற்காரரிடம் நீட்டினாள்.

மெக்கானிக் வந்து அச்சைப் பார்த்தார். பேரிங் கருகி, அச்சுமுனை முறிந்திருந்தது. மறுபக்கச் சக்கரத்தைக் கழற்றியதும் கிரீஸ் ரசம்போல் ஒழுகியது. தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“நல்ல கிரீஸ்தானேண்ணே போட்டேன்?”

“ரெண்டும் நல்லதுதான். ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது. ரெண்டையும் கலந்தா சூட்டுல இளகி எண்ணெயா ஓடிடும். இது டிஸ்க் பிரேக் வண்டி வேற, சூடு அதிகம். அதைத் தாங்கற வீல் பேரிங் கிரீஸாப் பார்த்து வாங்கணும். பழசைச் சுத்தமாக் கழுவிட்டு அது ஒண்ணை மட்டும் போடணும்.”

அக்கா திட்டுவாள் என்று தம்பி தலையைக் குனிந்து நின்றான். அவள் திட்டவில்லை.

“அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தா என்னடா ஆகியிருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். அவன் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டான்.

வண்டி சரியாகி வந்த பின்னும் வெகுநாள் அவள் சாவியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் ஏறினாள். இப்போதும் போகிற இடமெல்லாம் முதலில் இறங்கிச் சக்கர நடுவில் கை வைத்துச் சூடு பார்க்கிறாள். எதிரே ஏதாவது உருண்டு வந்தால், அது பிள்ளைகள் விளையாடும் பந்தாக இருந்தாலும், அவள் கால் தானாக பிரேக்கை மிதித்துவிடுகிறது.